கேள்வி எண் பதினான்கு

ஒமாஹாவில் மார்ச். பனி கரைந்து சேறான பிறகு
தெருவில் நிறமென்று எதுவும் மிச்சமில்லை.
என் மேசையில் மேலறை ஊதிய வழக்கு,
கீழறை குடியேற்ற வழக்கு.
இரண்டு கோப்பிலும் ஒரே பெண்.
நடுவில் என் முழங்கால் இடிக்கும்.

வக்கீலாகிப் பத்தொன்பது மாதம்.
பட்டம் சுவரில் இருக்கிறது.
அதற்கு வாங்கிய கடன் சுவருக்குள் இருப்பதுபோல
இரவில் சுரண்டுகிறது.

அவள் பெயர் எவுலாலியா பேத்ரோ ஹுவான்.
இதில் குடும்பப் பெயர் எது, என்றார் எழுத்தர்.
எல்லாமே குடும்பம்தான், என்றாள்.
அந்த ஒரு வரி வந்து சேர
குவாத்தமாலா மலையின் கன்ஹோபால் மொழியை
ஃப்ளோரிடாவில் ஒருவர் ஸ்பானிஷாக்க,
அரிசோனாவில் ஒருவர் அதை ஆங்கிலமாக்க,
நான் தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தேன்.
கை வலித்தது. எழுத்தர் ஏற்கெனவே
ஹுவான் என்று தட்டச்சு செய்து முடித்திருந்தார்.

இறைச்சி ஆலையில் இரவு பதினொன்று முதல் ஏழு வரை
ரம்பங்களைக் கழுவும் வேலை.
ஏழு என்பது காகிதத்தில். உண்மையில் ஒன்பதரை.
பதினோரு வாரப் பாக்கி:
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு டாலர், நாற்பது சென்ட்.
சம்பளச் சீட்டுகளை
ரொட்டி வந்த பையில் மடித்து வைத்திருந்தாள்.
எல்லாச் சீட்டிலும் ஒரே பெயர்:
பிரெண்டா மால்டொனாடோ.

எதிர்த்தரப்பு வக்கீல் கோஸ்டெல்கா நல்ல மனிதர்,
பிள்ளைகள் நீச்சல் பழகுவதைப் பற்றிப் பேசுவார்.
அவர் அனுப்பிய கேள்வி எண் பதினான்கு:
இதுநாள்வரை தாங்கள் பயன்படுத்திய
எல்லாப் பெயர்களையும் குறிப்பிடுக.

சொன்னால் மேலறைக்குக் கூலி.
சொன்னால் கீழறைக்கு விமானம்.

மிகையானது, பொருத்தமற்றது, துன்புறுத்தும் நோக்குடையது
என்று ஆட்சேபித்தேன்.
சட்டக் கல்லூரியில் கற்ற சொற்கள்.
ஒவ்வொன்றுக்கும் வட்டி கட்டுகிறேன்.

நீதிபதி இரண்டு வரியில் உத்தரவிட்டார்:
ஊதியத்தைப் பற்றிக் கேளுங்கள்.
ஊரைப் பற்றிக் கேட்காதீர்கள்.
அதே வாரம் இன்னொரு கட்டடத்தில், இன்னொரு நீதிபதி,
கீழறை வழக்குக்கு மூன்று வருடம் தள்ளி வாய்தா போட்டார்.
வெளியே வந்து ஆளுக்கொரு டோனட் தின்றோம்.
வாய்தாவைக் கொண்டாடும் தொழில்
உலகத்தில் வேறு இருக்கிறதா, தெரியவில்லை.

ஆலை பதில் போட்டது:
எவுலாலியா என்று எங்கள் பதிவேட்டில் எவருமில்லை.

ஆலையின் மருந்தறைக் குறிப்பேடு
நானூற்றுச் சொச்சம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை.
சாப்பிட்டேனா, ஞாபகமில்லை.
பக்கம் இருநூற்று எண்பத்தெட்டில் இருந்தது:
மால்டொனாடோ, பி. இடது முன்கை.
கழுவும் காரம். ஒன்றரை அங்குலம்.
பனிக்கட்டி கொடுக்கப்பட்டது. பணிக்குத் திரும்பினார்.

விசாரணை அறையில் அவள் சட்டைக் கையை மடித்தாள்.
நான் அளவுகோலை வைத்தேன். ஒன்றரை.
கோஸ்டெல்கா வெகுநேரம் பார்த்துவிட்டு,
கொஞ்சம் காபி குடிக்கலாமா, என்றார்.

குற்றம் எதையும் ஒப்புக்கொள்ளாமல்
முழுத் தொகையும் தர ஒப்புக்கொண்டார்கள்.
காசோலையை அலுவலகப் பெயரில் எழுதச் சொன்னேன்,
அதில் எந்தப் பெண்ணின் பெயரும் வேண்டாம் என்று.
அந்தத் தழும்பைப் பற்றிக் கீழறைக் கோப்பில்
இன்னும் ஒரு வரி எழுதவில்லை.
எழுத வேண்டியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை அவளை அழைத்து,
பணம் வந்துவிட்டது, என்றேன்.
ஃப்ளோரிடா எதையோ கேட்டது.
அரிசோனா, மறுபடி சொல்லுங்கள், என்றது.
பிறகு, தயங்கி:
இதில் பிரெண்டாவுக்கு எவ்வளவு போகும்
என்று கேட்கிறார், வக்கீலம்மா.

யாருக்கு?

வேலை செய்தது என் கைதான்.
ஆனால் மேஸ்திரி கத்தும்போதெல்லாம்
திட்டு வாங்கியது அவள் பெயர்.
அதற்கும் ஏதாவது உண்டா, என்கிறார்.

மேலறையைத் திறந்தேன். அதற்குப் படிவம் கிடையாது.
நிமிடத்துக்கு மூன்றரை டாலர் ஓடும் தொலைபேசியில்
நாங்கள் நாலு பேரும்
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.